பகையறிந்து பேணல்

உடுத்திக் கிழிந்த பட்டுப்புடவையையும் பெட்டியில் இருந்தே கிழிந்த பட்டுப்புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புலப்படும். உடுத்தியதில் இடுப்பில் செருகும் இடம் நைந்திருக்கும்; தரையில் உரசும் கரையோரம் பிசிறடித்திருக்கும். பெட்டியில் கிழிந்ததில் கிழிசல் முந்தானையின் குறுக்கே நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். ஒரு சாண் தள்ளி, அதற்கு இணையாக இன்னொன்று. அப்புறம் மற்றொன்று. எல்லாம் மடிப்பு விழுந்த இடங்கள்.

காரணம் சரிகையில் இருக்கிறது. அசல் காஞ்சிபுரம் சரிகையின் நடுவில் ஓடுவது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல். தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி அதைச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அந்த வெள்ளியின்மேல்தான் தங்க முலாம். பட்டு மடங்கினால் நிமிரும். உலோகம் ஒரே இடத்தில் மடங்கியே கிடந்தால் முறியும். முறிந்த வெள்ளியின் விளிம்பு, தான் அணைத்திருக்கும் பட்டு நூலையே அறுக்கத் தொடங்கும். மேலே அடுக்கியிருக்கும் மற்றப் புடவைகளின் பாரமும் கோடைக்கும் மழைக்கும் மாறும் காற்றின் ஈரமும் சேர்ந்து, வருஷக்கணக்கில் அந்த வேலையை முடித்துவைக்கும். ஒருநாள் பிரித்துப் பார்க்கும்போது கைபட்ட இடத்தில் துணி விட்டுக்கொடுக்கும்.

இதைத் தெரிந்த வீடுகளில் மடிப்பு மாற்றி வைக்கும் வழக்கம் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை புடவையை வெளியே எடுத்து, வெயில் நேராகப் படாத இடத்தில் காற்றாட விரிப்பார்கள். முன்பு மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு கோட்டில் மடிப்பார்கள். கஞ்சி போகத் துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைப்பார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டு நிற்கும். ஆகவே அது கூடாது. அந்துருண்டை சரிகையைத் தொட்டபடி கிடந்தால் சரிகை கறுக்கும் என்பதால் அதையும் தனியே துணியில் முடிந்து மூலையில் போடுவார்கள். உடுத்தாத நாளிலும் புடவைக்கு வயதாகிறது, அதற்கும் ஒருவர் கவனம் வேண்டும் என்ற அறிவு இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது.

துணியையும் அணியையும் பேணுவது பற்றி நாம் பேசும்போது அழுக்கைப் பற்றியே பேசுகிறோம். கறை, வியர்வை, சோப்பு, வெண்மை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் அழுக்கைவிடப் பெரிய பகை ஒன்று உண்டு. அந்தப் பகை பொருளுக்குப் பொருள் மாறும். ஒன்றைக் காப்பாற்றும் பொருள் இன்னொன்றை அழிக்கும். எதற்கு எது பகை என்று அறிவதுதான் பேணுதலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை இத்தனை காலம் யார் தலைமேல் சுமத்தி வைத்திருந்தோம் என்று கேட்பது அடுத்த பாடம். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

பருத்தி செடியிலிருந்து வருகிறது. அதன் இழை செல்லுலோஸ். பட்டு புழுவின் வாயிலிருந்து வருகிறது. அதன் இழை புரதம். கம்பளி ஆட்டின் முடி. அதுவும் புரதம், நம் தலைமுடியில் இருக்கும் அதே கெரட்டின். அலமாரியில் ஒரே தட்டில் கிடக்கும் இந்த மூன்றும் தண்ணீரில் இறங்கியதும் வேறு வேறு உயிர்களாகிவிடும்.

பருத்தி காரத்தைத் தாங்கும். சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்தாலும் நிற்கும். நனைந்தால் அதன் வலு கூடவும் செய்யும். அதனால்தான் கல்லில் ஓங்கி அடித்துத் துவைத்த வேட்டி அத்தனை வருஷம் உழைத்தது. அமிலம்தான் பருத்திக்கு ஆகாது. எலுமிச்சைச் சாற்றைக் கறையின்மேல் பிழிந்து, அலசாமல் வெயிலில் காயப்போட்டால் அந்த இடம் மெல்ல இற்றுப்போகும்.

பட்டின் நிலை இதற்கு நேர் எதிர். மெல்லிய அமிலத்தைப் பொறுத்துக்கொள்ளும். அலசும் கடைசித் தண்ணீரில் சில சொட்டு வினிகர் விட்டால் அதன் பளபளப்பு கூடவும் செய்யும். காரம் அதைத் தின்னும். இழையைச் சுற்றிப் புழு பூசிய செரிசின் என்ற பசையை நீக்கத்தான் நெசவுக்கு முன் கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். அந்தப் பசை போனபிறகுதான் பட்டுக்கு மினுக்கமும் மென்மையும் வருகின்றன. காரம் பட்டைத் தொட வேண்டிய இடம் அது ஒன்றுதான். அதுவும் அளவு தெரிந்தவர் கையால். அதன்பின் ஒவ்வொரு முறை சலவைத்தூளில் ஊறவைப்பதும் பட்டின் உடம்பிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான்.

இன்றைய சலவைத்தூள்களில் பலவற்றில் புரோட்டியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரத்தம், பால், முட்டைக் கறைகளைப் போக்குவதற்காகச் சேர்க்கிறார்கள். இந்தக் கறைகளெல்லாம் புரதம். நொதியின் வேலை புரதத்தைச் சிதைப்பது. பட்டும் கம்பளியும் புரதம்தான் என்பதால் கறை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று அந்த நொதிக்குத் தெரியாது. நம் வீடுகளில் பட்டுக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த தண்ணீரைப் பயன்படுத்தியதற்குப் பின்னால் ரசாயனப் பாடம் எதுவும் இல்லை. பட்டையும் முடியையும் பல தலைமுறைகளாகத் தொட்டுப் பழகிய கைகள் கண்டுகொண்ட விதி அது. தலைமுடிக்கு எது ஆகுமோ அதுவே பட்டுக்கும் ஆகும். கொதிக்கும் தண்ணீர், கடுங்காரம், உச்சிவெயில், முரட்டுக் கசக்கல் இரண்டுக்கும் ஆகாது.

கம்பளிக்குச் சூடும் அசைவும் சேர்வது இன்னொரு ஆபத்து. அதன் இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டு அலசி அலசிக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரும்பப் பிரியாது. பெரியவர் ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்குவது இப்படித்தான். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கும் கெரட்டின்தான் உணவு. சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. பறப்பதைக் கண்டு அடிக்கும் நேரத்தில் முட்டைகள் ஏற்கெனவே மடிப்புக்குள் இருக்கும். வியர்வையோடு எடுத்துவைத்த சால்வையைத்தான் அது முதலில் தேடிப்போகும்.

பருத்திக்கு வேறொரு பூச்சி. கஞ்சி போட்ட புடவையை அப்படியே மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும். அதற்கு வேண்டியது மாவுப்பொருள். மொடமொடவென்று நிற்கும் சுங்குடியும் கண்டாங்கியும் உடுத்தும் நாளுக்கு அழகு. நெடுநாள் எடுத்துவைப்பதென்றால் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும். வேப்பிலை, வசம்பு, நொச்சி என்று நம்மவர்கள் துணிப்பெட்டியில் போட்டவை நிறைய. அந்துருண்டை வந்தபின் இவை வழக்கொழிந்தன. அந்துருண்டையின் நாப்தலீன் காற்றில் கரைந்து துணியில் ஏறும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பச்சிளங்குழந்தையை அந்தத் துணியில் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். பிள்ளைத் துணியோடு அந்துருண்டையை வைக்கவே கூடாது என்பதைப் பேறுகாலம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

*

இந்த அறிவின் பெரும்பகுதி நம் ஊர்களில் ஒரு சமூகத்தின் கையில் இருந்தது. வண்ணார்கள் துணியை வெறுமனே துவைத்தவர்கள் என்று நினைப்பது அறியாமை. அவர்கள் செய்தது தேர்ந்த ரசாயன வேலை.

உவர்மண் கிடைக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். அந்த மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். துணியின் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் அதுவே சோப்பாக மாறி அழுக்கை வெளியே கொண்டுவரும். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணிகளை முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானையின் வாயைச் சுற்றி அடுக்கி, மூடிக் கட்டி, அடியில் தீ மூட்டுவார்கள். பானைத் தண்ணீரின் ஆவி இரவெல்லாம் துணிக்குள் ஏறி இறங்கும். கனத்த வேட்டி எங்கே, மெல்லிய துண்டு எங்கே, சாயம் விடும் துணி எங்கே என்று அடுக்குவதிலேயே பாதித் தொழில் இருக்கிறது. சாயத்துணி வெள்ளாவிக்குள் தவறி நுழைந்தால் ஒரு தெருவின் வேட்டியெல்லாம் நிறம் மாறிவிடும். விடிந்ததும் துறைக்குப் போய் அடித்து அலசி, நீலம் காட்டி, கஞ்சி தோய்த்து, மணலில் விரிப்பார்கள். நீலம் எதையும் வெளுப்பதில்லை. நாள்பட்ட பருத்தியின் மஞ்சளை நீலம் ஈடுகட்டுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சொட்டு நீலம் விற்ற விளம்பரங்களும், தூளுக்குள்ளேயே ஒளிரும் சாயத்தைக் கலக்கும் இன்றைய நிறுவனங்களும் பின்பற்றுவது அந்தத் துறையின் பழைய கணக்கைத்தான்.

ஊர்த்துணி முழுக்க ஒன்றாக வேகும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? சேராங்கொட்டையின் பாலை ஊசி முனையால் தொட்டுத் துணியின் ஓரத்தில் குறி வைப்பார்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி என்று வீட்டுக்கு வீடு வேறு அடையாளம். சுண்ணாம்போடு சேரும்போது அந்தப் பால் கறுத்து இழையில் ஊறி நின்றுவிடும். வெள்ளாவியிலும் போகாது, துணி கந்தலாகும்வரை இருக்கும். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் ஓர் ஊர் முழுவதற்கும் வைத்திருந்த பதிவேடு அது. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். குறி வைத்தவர்களின் விரல்கள் அந்தப் புண்ணோடுதான் வேலை செய்தன.

கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் துணி வாங்கிக் கப்பலேற்றிய காலத்தில், தறியிலிருந்து இறங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் சென்னையின் வண்ணாரப்பேட்டை. நெசவாளரின் பெயரையாவது வரலாறு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொல்கிறது, வெளுத்தவரைச் சொல்வதில்லை. கிராமத்தில் அவர்களுக்குக் கிடைத்த கூலி, களத்தில் அளந்த கொஞ்சம் தானியமும் வீடுவீடாகப் போய் எடுத்த சோறும்தான். தீட்டுத்துணியும் சாவுத்துணியும் அவர்கள் தலையில் விழுந்தன. அதிலும் கீழே தள்ளப்பட்ட புதிரை வண்ணாரின் வாழ்வை 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆரோக்கியம் என்ற பெண்ணின் வழியாகச் சொன்னது. தமிழர் துணி வெளுத்த கதையை அந்த நாவலை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. நம் வெள்ளை வேட்டியின் பெருமையில் பாதி அதை வெளுத்தவருக்கு உரியது. அதை அவருக்கு நாம் ஒருநாளும் கொடுக்கவில்லை.

அந்த அமைப்பு உடைந்தது நல்லது. தொழிலைப் பிறப்போடு கட்டிப்போடும் எந்த ஏற்பாடும் மீண்டு வரக் கூடாது. ஆனால் அமைப்பு உடைந்தபோது அறிவையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம். அறிவை எடுத்துக்கொண்டு அநீதியை விட்டிருக்கலாம். இப்போது அநீதியின் மிச்சம் வேறு வடிவங்களில் இருக்கிறது; அறிவுதான் போய்க்கொண்டிருக்கிறது.

*

வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்தது பெண்களின் முதுகையும் கையையும் காப்பாற்றியது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இயந்திரம் ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தது: எல்லாவற்றையும் ஒரே தொட்டியில், ஒரே தூளில், ஒரே சுற்றில் போடுவது. ரேயான் சட்டை பருத்தியைப் போலவே தோன்றும், மரக்கூழிலிருந்து வருவதால் அதுவும் செல்லுலோஸ்தான். நனைந்தால் பருத்தியின் வலு கூடுகிறது. ரேயானோ ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடுகிறது. ஈரத்தில் முறுக்கிப் பிழிந்தால் அது தளர்ந்து உருக்குலையும். பாலியஸ்டர் சலவைத்தூளின் காரத்துக்கும் பூச்சிக்கும் அசையாது. எண்ணெயையும் வியர்வை வாடையையும் மட்டும் பிடித்துக்கொண்டு விடாது; சூடு பட்டால் உருகும். ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும்.

சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் சிறு பட்டையில் இந்த விஷயங்களெல்லாம் குறியாக இருக்கின்றன. தொட்டி வரைந்திருந்தால் துவைப்பது பற்றி. முக்கோணம் வெளுப்பது பற்றி. சதுரம் காயவைப்பது பற்றி. வட்டம் உலர்சலவை பற்றி. இஸ்திரிப் பெட்டியின் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. பல நாடுகளுக்குப் பொதுவான அடையாளங்கள் இவை. திருப்பூரில் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆடைகள் கோடிக்கணக்கில் இந்தப் பட்டையோடுதான் கப்பலேறுகின்றன. பட்டையைத் தைப்பவர்களுக்கு அதன் பொருளை யாராவது சொல்லித்தந்திருப்பார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா இந்தப் பட்டையைப் பார்ப்பதே இல்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்பார். “இது காட்டன் இல்ல தம்பி, ரேயான். ஈரம் தெளிச்சுப் பெட்டிய அழுத்தாம ஓட்டணும்” என்பார். கரி போட்ட பெட்டியின் அடியில் ஈரவிரலைச் சுண்டிப் பார்த்துச் சூட்டைக் கணிப்பார். சூடு மிஞ்சியிருந்தால் முதலில் கனத்த வேட்டிகளைப் போடுவார், தணியத் தணியச் சட்டை, பிறகு கலப்பு நூல் துணி, கடைசியில் மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் பட்டு. மூன்று புள்ளியிலிருந்து ஒரு புள்ளிக்கு இறங்கும் வரிசையை அவர் கரியின் ஆயுளோடு பொருத்தி வைத்திருக்கிறார். ஒரு துணிக்கு அவர் வாங்கும் காசு ஒரு தேநீரின் விலைக்குக்கூட வராது.

*

துணியோடு சேர்த்து உடம்பில் ஏறும் அணிகளிலும் இதே கதைதான். தங்கம் எளிதில் எதற்கும் அசையாத உலோகம். ஆகவே தங்க நகை தண்ணீருக்கும் சோப்புக்கும் அஞ்சாது என்று பலர் நினைக்கிறார்கள். நகையில் தங்கம் மட்டும் இருப்பதில்லை. பழைய வேலைப்பாட்டில் உள்ளே கூடாக இருக்கும் நகைகளுக்கு அரக்கு ஊற்றி நிரப்பியிருப்பார்கள். வெந்நீரில் போட்டால் அரக்கு இளகும். கெம்புக் கல் பதித்த நகையில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். ஒளி திரும்பி வருவதற்காக அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்தால் தகடு மங்கி, கல்லின் சிவப்பு செத்துப்போகும். பொற்கொல்லர் பூந்திக்கொட்டை நுரையை மெல்லிய தூரிகையில் தொட்டுத் தேய்த்து உடனே துடைப்பதற்கும், நாம் கிண்ணத்தில் ஊறவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வெள்ளிக் கொலுசு கறுப்பது அழுக்கினால் இல்லை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. திருநீறு தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும். அந்தக் கறுப்போடு ஒரு துளி வெள்ளியும் தேய்ந்து போகும். பல தலைமுறை தேய்த்த கொலுசில் அரும்பு வேலை மழுங்கியிருப்பது அதனால்தான். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதில் தொடும்படி கொலுசை வைத்தால் கந்தகம் அலுமினியத்துக்குத் தாவிவிடும், வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். சாதாரணக் கொலுசுக்கு இது நல்ல வழி. கல் பதித்ததற்கும், பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாட்டுக்கும் ஆகாது. அங்கே அந்தக் கறுப்பும் அழகின் ஒரு பகுதி.

மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்த முத்து, பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். வியர்வையின் மெல்லிய அமிலம்கூட அதன் மேற்பூச்சை அரிக்கும். வாசனைத் திரவியமும் அப்படியே. ஆகவே முத்துமாலையை அலங்காரம் எல்லாம் முடிந்தபின் கடைசியாக அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து வைக்க வேண்டும். மற்ற நகைகளோடு போட்டால் கீறல் விழும். அதைக் கோத்திருப்பது பட்டு நூலாக இருந்தால், ஈர நூலில் தொங்கவிடாமல் கிடத்திக் காயவைக்க வேண்டும். சிப்பியும் புழுவும் தத்தம் உடம்பிலிருந்து தந்தவை ஒரே மாலையில் இருக்கின்றன. இரண்டின் குணமும் தெரிந்தால்தான் அந்த மாலை பேத்திக்குப் போய்ச் சேரும்.

தோல் செருப்பும் பையும் ஐப்பசி கார்த்திகையில் பூசணம் பூக்கின்றன. தோலின் புரதம் கொல்லாஜன். நனைந்த செருப்பை அடுப்போரம் வைத்தால் அது சுருங்கி விறைத்துப்போகும், பின்பு எத்தனை எண்ணெய் பூசினாலும் பழைய நிலைக்கு வராது. உள்ளே காகிதம் திணித்து நிழலில் பொறுமையாக உலர்த்தி, பிறகு மெழுகோ எண்ணெயோ மெல்லியதாகப் பூசலாம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் கரிய கறை விழும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து முன்பு எழுதுமை ஆனது இதே முறையில்தான். ஆகவே அந்தப் பையைத் துருப்பிடித்த ஆணியில் மாட்டக் கூடாது.

*

இத்தனை பாடும் எதற்கு, பழசானால் புதிது வாங்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புதியதன் விலையைக் கடைச்சீட்டில் மட்டும் பார்ப்பவர்களின் கேள்வி அது.

ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி வளர்வதிலிருந்து கணக்குப் போட்டால், உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குளமானது. 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அந்த ஊர்களின் பிழைப்பும் அந்தத் தொழில்களில்தான் இருக்கிறது என்பதால் இதற்கு எளிய விடை கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். நம் இடுப்பில் இருக்கும் துணிக்கும் காலில் இருக்கும் தோலுக்கும் ஓர் ஆறு ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது. கவனக்குறைவால் ஒன்றைப் பாழாக்கி இன்னொன்றை வாங்கும்போது, அந்த ஆற்றிடம் இரண்டாம் முறை கேட்கிறோம். ஒரு செருப்பை ஆறு வருஷம் போடுவது சிக்கனம் என்று மட்டும் பார்க்கப்பட்டு வந்தது. அதை ஆற்றுக்குச் செய்யும் மரியாதையாகவும் பார்க்க வேண்டும்.

*

பேணுவதென்றால் தூய்மையாக்குவது என்ற எண்ணத்தை முற்றிலும் கலைக்கும் துணி ஒன்று மதுரையில் இருக்கிறது. தமுக்கத்தில், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில், 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தம் தோய்ந்த துணி கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான்.

அந்தத் துணியைத் துவைக்க முடியாது, துவைக்கவும் கூடாது. அங்கே காப்பாற்றப்படுவது பருத்தி மட்டுமல்ல, கறையும்தான். பருத்தி செல்லுலோஸ், இரத்தம் புரதம். இரண்டும் மூப்பது இரண்டு விதமாக. பொதுவாக அருங்காட்சியகங்களில் துணிகளின்மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவுக்குள் வைக்கச் சொல்வார்கள். ஒளி ஒருமுறை செய்த சேதத்தை எந்தச் சலவையாலும் திருப்ப முடியாது. துணியைத் தொடாமலும் அலசாமலும் ஈரத்தையும் ஒளியையும் மட்டும் தடுத்து நிற்பதும் ஒரு பேணுதல். அதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

வீடுகளிலும் இப்படித் துணிகள் உண்டு. இறந்துபோன அம்மாவின் புடவையை வாசனை போய்விடுமென்று துவைக்காமல் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வியர்வையோடும் எண்ணெயோடும் வைத்த துணி சில வருஷங்களில் பழுப்பேறும், பூச்சி தேடி வரும். துவைத்தால் புடவை நிற்கும். துவைக்காவிட்டால் வாசனை இன்னும் கொஞ்சகாலம் நிற்கும். இதில் எதைக் காப்பது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. சிலர் முந்தானையில் ஒரு துண்டை மட்டும் வெட்டி அப்படியே வைத்துவிட்டு, மீதியைத் துவைத்துப் பிள்ளைகளுக்குத் தூளி கட்டக் கொடுக்கிறார்கள். பல நூறு சலவை கண்ட பருத்தியைவிடக் குழந்தையின் தோலுக்கு இதமான துணி கடையில் கிடையாது. எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. பேணுதலின் நோக்கம் பொருளை நிறுத்திவைப்பது என்பதைவிட, அது அடுத்த கைக்குப் போகும் நிலையில் இருக்கச் செய்வது என்பதே சரியென்று படுகிறது.

*

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? துணி வாங்கும்போது நிறத்தையும் விலையையும் கேட்பதோடு, இது என்ன நூல், எப்படித் துவைக்க வேண்டும் என்றும் கேட்கலாம். நெய்தவரிடமே வாங்கினால் சரியான விடை கிடைக்கும். பதில் தெரியாத கடையில் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி பொசுங்கும் வாடை தந்து, விரலில் நொறுங்கும் கரியாகும். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணக்கும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாய் இறுகும். நைந்த இடத்தை இழையோடு இழை சேர்த்துத் தைப்பவரும் அறுந்த வாரைத் தைப்பவரும் இஸ்திரி போடுபவரும் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேரம் பேசாமல் கொடுக்கலாம். அது தர்மம் ஆகாது. அறிவுக்குக் கொடுக்க வேண்டிய கூலி.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அறிவைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பதை மாற்ற வேண்டும். ஊரில் அது ஒரு சாதியின் கடமையாகவும், வீட்டில் பெண்ணின் கடமையாகவும் இருந்தது. இருவரும் கற்றதை மற்றவர்கள் உடுத்திக்கொண்டார்கள், கற்க முயலவில்லை. அமிலமும் காரமும் பற்றிப் பள்ளியில் லிட்மஸ் தாளை வைத்துச் சொல்லித்தருகிறோம். ஒரு துண்டுப் பட்டையும் ஒரு துண்டுப் பருத்தியையும் சோடா நீரில் போட்டுக் காட்டினால் அந்தப் பாடம் மறக்காது. வெள்ளாவி வைத்தவர்கள் என்ன தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதும் அதோடு சேர்ந்து புரியும். நம் பையன்கள் தங்கள் சட்டையைத் தாங்களே துவைக்கவும், அம்மாவின் பட்டுப்புடவையைப் பதமாக அலசி நிழலில் உலர்த்தவும், எடுத்துவைத்ததை மடிப்பு மாற்றி வைக்கவும் தெரிந்தவர்களாக வளர வேண்டும். இந்த அறிவைப் பிறருக்கென்று ஒதுக்கிவைத்த பழக்கம் அந்த இடத்தில்தான் முடியும்.